உப்பு அம்பாரமாகத் தெரிந்த குழி

நேற்று இரவு ஒன்பதரை மணி வாக்கில் அந்தக் குழி உள்ளே இறங்கியது. மேசைமேல் இரண்டு தட்டையான படங்கள், மேலே நான் செய்த பிளைவுட் சட்டம், நான்கு கண்ணாடிகள், இரண்டு லென்ஸ். குனிந்து பார்த்துக்கொண்டே வலப்பக்கப் படத்தை விரலால் நகர்த்தினேன். இரட்டையாக மிதந்துகொண்டிருந்த வெள்ளை வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. அடுத்த நொடி வட்டத்தின் நடுப்பகுதி மேசைக்குக் கீழே போய்விட்டதுபோல இறங்கிவிட்டது. அறியாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். மூன்று வாரமாக நான் பார்க்க முயன்றது இதைத்தான்: பிரான்ஸில் சொம் ஆற்றுப் பகுதியில், லா புவாசெல் என்ற சிற்றூரின் தெற்கே இருக்கும் லாக்நாகர் குழி.

முதல் உலகப் போர், 1916 ஜூலை 1, காலை 7:28. ஜெர்மானிய முன்னணிப் பதுங்குகுழிக்கு அடியில் பிரிட்டிஷார் சுரங்கம் தோண்டி வைத்திருந்த 60,000 பவுண்டு அம்மோனல் வெடிமருந்து வெடித்தது. இரண்டு நிமிடம் கழித்துக் காலாட்படை எழுந்து நடந்தது. கிரிம்ஸ்பி ஊரிலிருந்து ஒன்றாகச் சேர்ந்த இளைஞர்கள் நிறைந்த 10ஆவது லிங்கன்ஷையர் அணி இந்தக் குழிக்கு நேராகத்தான் போனது. அது இருந்த 34ஆவது டிவிஷன்தான் அன்றைய தினம் மற்ற எந்த டிவிஷனையும்விட அதிகம் பேரை இழந்தது. அதற்குப் பிறகு மேலே பறந்த விமானங்கள் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் 'பாக்ஸ் கலெக்‌ஷன்' என்றே பெயர் பெற்ற தொகுப்பில் இப்படிப்பட்ட வான்படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பிரஸ்ஸல்ஸ் ராணுவ அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய தொகுப்பு. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக நூலகம் பதுங்குகுழி வரைபடங்களோடு வான்படங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது.

இவற்றைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழகாக இருக்கும், ஆனால் கோலமாவுக் கோடு போல எல்லாம் தட்டையாகத் தெரியும். அன்று படம் படித்தவர்கள் இவற்றை அப்படிப் பார்க்கவில்லை. ஒரே இடத்தைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு முறை எடுத்து, வலக்கண்ணுக்கு ஒன்று இடக்கண்ணுக்கு ஒன்று என்று கொடுத்து, மேடு பள்ளத்தை நேரில் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கும் வேண்டும் என்ற ஆசையில் தொடங்கிய வேலை இது.

முதல் வாரம் முழுக்க ஜோடி தேடுவதிலேயே போனது. பிரிட்டிஷ் படங்களின் ஓரத்தில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி இருக்கும். நெகடிவான கண்ணாடித் தட்டின்மேல் மையால் எழுதியது, அச்சில் வெள்ளையாக விழுந்திருக்கும். படை எண், தட்டு எண், வரைபடக் கட்டம், தேதி. வரைபடக் கட்டம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 57டி என்பது வரைபடத் தாளின் பெயர். அதற்குள் ஆங்கில எழுத்து கொண்ட பெரிய கட்டங்கள், ஒவ்வொன்றும் 6,000 கஜ அகலம். அதற்குள் 1,000 கஜச் சிறு கட்டங்கள், எண் போட்டவை. லா புவாசெல் 57டி தாளில் எக்ஸ் கட்டத்தில் வருகிறது. நான் பார்த்த தொகுப்பில் படங்களைச் சிறு கட்ட எண்படி அடுக்கியிருந்தார்கள். அதனால் அடுத்தடுத்து எடுத்த இரண்டு தட்டுகள் கட்ட எல்லையைத் தாண்டினால் வேறு வேறு கோப்புக்குப் போய்விடுகின்றன. கட்டத்தை விட்டுவிட்டு, ஒரே படை எண், ஒரே தேதி, அடுத்தடுத்த தட்டு எண் என்று தேடத் தொடங்கிய பிறகுதான் ஜோடிகள் கிடைத்தன. எழுத்து மங்கிய படங்களில் 3, 8 இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அந்த ஒரு காரணத்தால் எனக்கு இரண்டு மாலைகள் வீண்.

முதலில் கிடைத்த ஜோடியில் இரண்டு படமும் ஏறக்குறைய ஒன்றேதான். ஐந்தில் நான்கு பங்கு பொதுவான நிலம். ஒத்துப்போகும் இடம் அதிகம் இருந்தால் நல்லது என்று நினைத்து மகிழ்ந்தேன். அது தவறு. இரண்டு இடத்துக்கும் நடுவே விமானம் நகர்ந்த தூரம் குறைவாக இருந்தால் ஆழமும் குறைவாகத்தான் தெரியும். நான் சேமித்ததோ அந்த இணையதளம் பார்வைக்குத் தரும் சின்னப் பதிப்பு, 1,500 புள்ளி (பிக்சல்) அகலம். கடையில் ஏ4 அளவில் பளபளப்புத் தாளில் அச்சிட்டு, இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் கருவியான ஸ்டீரியோஸ்கோப்பில், புவியியல் மாணவர்கள் வைத்திருக்கும் சின்னப் பாக்கெட் வகையை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். குழி லேசாகக் குழிந்தது. பதுங்குகுழி வரிசைகளில் ஒரு அசைவும் இல்லை. என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

அன்றைய பிரிட்டிஷ் தட்டு 5க்கு 4 அங்குலம். லென்ஸ் 10 அங்குலம், உயரம் 6,000 அடி என்று வைத்தால் அளவு 1:7,200. அப்படியென்றால் தட்டின் 5 அங்குல நீளம் தரையில் சரியாக 1,000 கஜம். வரைபடத்தின் ஒரு சிறு கட்டமும் அதேதான். இந்தப் பொருத்தத்தைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஒரு தட்டு எடுத்தால் ஒரு கட்டம் கைக்குள் வந்துவிடும். இனி ஆழம். ஒரு பொருள் இரண்டு படங்களிலும் எவ்வளவு இடம் மாறி விழுகிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு: தட்டின்மேல் இரண்டு படங்களுக்கும் உள்ள நகர்வை ஆழத்தால் பெருக்கி, பறந்த உயரத்தால் வகுக்க வேண்டும். படங்கள் பாதிக்குப் பாதி ஒத்துப்போனால் நகர்வு 63.5 மில்லிமீட்டர். 6 அடிப் பதுங்குகுழி என்றால் இடமாற்றம் 0.0635 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் அகலம்.

1,500 புள்ளிப் படத்தில் ஒரு புள்ளியே 0.085 மில்லிமீட்டர். பதுங்குகுழியின் ஆழம் முழுவதும் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. அதன்மேல் ஜேபெக் சுருக்கத்தின் இரைச்சல் வேறு. நான் சேமித்த படத்தில் அந்த ஆழம் இல்லவே இல்லை. எந்தக் கருவி வைத்தாலும் வராது. பெரிய குழி மட்டும் தெரிந்ததற்குக் காரணம் அது ஐம்பது அறுபது அடி ஆழம். நகர்வு குறைந்த அந்த ஜோடியிலும் இடமாற்றம் இரண்டு மூன்று புள்ளி வரும்.

ஆகவே மறுபடி தேடல். இந்த முறை பாதிக்குப் பாதி ஒத்துப்போகும் ஜோடியைத் தேடினேன், 1,200 டிபிஐ (அங்குலத்துக்கு 1,200 புள்ளி) ஸ்கேன் டிஃப் கோப்பாகக் கிடைக்கும் தொகுப்பில். கிடைத்தது. தரையில் நகர்வு 500 கஜம். மணிக்கு 70 மைல் வேகத்தில் பறந்தால் இரண்டு தட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 15 விநாடி. அந்த 15 விநாடியைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். பி.ஈ.2சி விமானத்தின் வெளிப்பக்கத்தில் மாட்டிய சி வகை கேமராவில் 18 கண்ணாடித் தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் கையால் இயக்கித்தான் அடுத்த தட்டை இறக்க வேண்டும். கீழேயிருந்து சுடுவார்கள். அந்த நேரத்தில் விமானத்தைத் திருப்பாமல் நேராக ஓட்டினால்தான் ஜோடி ஜோடியாக அமையும்.

அளவைச் சரிபார்க்க, இன்றைக்கும் இடம் மாறாத இரண்டு சாலை முனைகளை எடுத்துக்கொண்டேன். அல்பேர் ஊரிலிருந்து பபோம் போகும் நேர்ச்சாலை அப்படியே இருக்கிறது. இன்றைய வரைபடத்தில் 412 மீட்டர், ஸ்கேனில் 2,690 புள்ளி. அதாவது தட்டில் 56.9 மில்லிமீட்டர், 1:7,240 வருகிறது. 1:7,200 என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

கருவிக்கு வருகிறேன். பாக்கெட் ஸ்டீரியோஸ்கோப்பில் படத்தின் அகலம் கண்ணிடைவெளிக்குமேல் போகக் கூடாது, அதாவது ஆறேழு சென்டிமீட்டர்தான். எனக்கு இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அப்போது பொதுப் பகுதி மட்டுமே 127க்கு 203 மில்லிமீட்டர். அதற்கு நான்கு கண்ணாடி வைத்த வகை வேண்டும். நடுவில் கூரைபோலச் சாய்த்த இரண்டு சின்னக் கண்ணாடிகள், வெளியே இரண்டு பெரியவை, எல்லாம் 45 பாகை. ஒரு பக்கத்துச் சின்னதும் பெரியதும் ஒன்றுக்கொன்று இணையாக, முகம் பார்த்து நிற்க வேண்டும். படத்திலிருந்து எழும் ஒளி பெரிய கண்ணாடியில் பட்டு உள்நோக்கித் திரும்பி, சின்னதில் பட்டு மேலே கண்ணுக்கு வரும். இரண்டு முறை எதிரொளிப்பதால் இடம் வலம் மாறாது.

முதல் சட்டத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடிதான் வெட்டி வாங்கினேன், நான்கு துண்டு 120 ரூபாய். எல்லாக் கோடுகளுக்கும் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கோடு. சாதாரணக் கண்ணாடியில் ரசம் பின்னால் இருக்கிறது. முன்பரப்பிலும் கொஞ்சம் ஒளி எதிரொளித்து இரட்டைப் பிம்பம் தருகிறது. தலைமுடி அகலத்து வேறுபாட்டைத் தேடும் இடத்தில் இது உதவாது. முன்பக்கத்திலேயே பூச்சு உள்ள கண்ணாடி வேண்டும். அம்பாலாவிலிருந்து ஆய்வகச் சாமான் அனுப்பும் ஒருவரிடம் வாங்கினேன். பெரியது இரண்டு 100க்கு 150 மில்லிமீட்டர், சின்னது இரண்டு 40க்கு 50. கூரியரோடு 2,350 ரூபாய். வந்தது சரியான வகைதானா என்று பார்க்க ஒரு வழி: தாளின் முனையைக் கண்ணாடியில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் இடைவெளி தெரிந்தால் பூச்சு பின்னால் இருக்கிறது. இடைவெளி இல்லாமல் முனையோடு முனை ஒட்டினால் முன்பக்கம். தாளால்தான் தொட வேண்டும், ஊசி வேண்டாம். பூச்சு கீறிவிடும்.

மரத்துண்டுகளை 45 பாகையில் நானே கைரம்பத்தால் அறுத்தேன். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் ஒன்று 43, ஒன்று 46. கண்ணாடி ஒரு பாகை சாய்ந்தால் ஒளி இரண்டு பாகை திரும்பும். 34 சென்டிமீட்டர் தூரத்தில் அது 12 மில்லிமீட்டர் விலகல். பக்கவாட்டில் விலகினால் படத்தை நகர்த்திச் சரிசெய்யலாம். ஒரு கண்ணுக்கு மேலே, ஒரு கண்ணுக்குக் கீழே என்று விலகினால் ஐந்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். எங்கள் தெருமுனையில் மரப்பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். துண்டைத் திருப்பிப் பார்த்தவர், "தம்பி, இதெல்லாம் கையில அறுக்குற சமாச்சாரமா? நாலையும் ஒரே பலகையில ஒட்டுக்கா அறுத்துருவோம். தப்பு வந்தாலும் நாலுக்கும் ஒரே தப்பா வரும்" என்றார். எனக்கு இந்த வேலை முழுவதிலும் கிடைத்த மிகச் சிறந்த யோசனை அதுதான். இணையாக நிற்க வேண்டிய இரண்டு கண்ணாடிகளும் ஒரே அளவு தவறினால், தவறு ஒன்றையொன்று தின்றுவிடும். அவர் அறுத்துக் கொடுத்த நான்கும் 45.5.

அடுத்து செய்ததுதான் விலை உயர்ந்த தவறு. பெரிய கண்ணாடியை உடனே ஒட்டும் பசை வைத்துத் துண்டில் ஒட்டினேன். நான்கு சொட்டுதான். காலையில் பார்த்தால் கண்ணாடி ஓரமெல்லாம் வெள்ளைப் பனி படர்ந்திருந்தது. அந்தப் பசை காயும்போது எழும் ஆவி பக்கத்துப் பரப்பில் படிந்துவிடும். சாதாரணக் கண்ணாடியானால் துடைத்துவிடலாம். இங்கே துடைக்கத் துடைக்கப் பூச்சும் கூடவே போனது. ஒரு கண்ணாடி மறுபடி வாங்க 700 ரூபாய், ஆறு நாள் காத்திருப்பு. இரண்டாவது முறை பின்புறத்தில் மூன்று பொட்டு சிலிகான் வைத்து ஒரு நாள் விட்டேன். கண்ணாடி வளையாமல், இறுகாமல் நிற்கிறது. தூசியை ஊதும் பந்தால் மட்டும் நீக்குகிறேன், துணி படவே விடுவதில்லை.

பெரிய கண்ணாடித் துண்டுகளை நேராகச் சட்டத்தில் அறையவில்லை. ஒவ்வொன்றுக்கும் மூன்று எம்3 திருகு, திருகுக்கு ஒரு சின்ன ஸ்பிரிங். திருகினால் கண்ணாடி மயிரிழை சாயும். சீர்செய்ய கட்டம் போட்ட கிராஃப் தாள்கள் இரண்டை இரு பக்கமும் வைத்து, ஒன்றில் சிவப்புப் பேனாவால் கோடு, மற்றதில் நீலம். குறுக்குக் கோடுகள் இரு கண்ணிலும் ஒன்றாகச் சேரும்வரை திருகிக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம் பிடித்தது.

லென்ஸ் மூக்குக்கண்ணாடிக் கடையில், பிளஸ் 3 பவர், வெட்டாத வட்டமாக, ஜோடி 180 ரூபாய். குவியத் தூரம் 33 சென்டிமீட்டர். கண்ணிடைவெளியையும் அங்கேயே அளந்துகொண்டேன். எனக்கு 63 மில்லிமீட்டர். சட்டத்தின் கால்களை 25 சென்டிமீட்டர் வைத்ததால் முதல்முறை எல்லாம் மங்கலாக இருந்தது. லென்ஸிலிருந்து சின்னக் கண்ணாடிக்கு 20, அங்கிருந்து பெரியதற்கு 92, கீழே படத்துக்கு 250: மொத்தம் 362 மில்லிமீட்டர். 333ஐத் தாண்டினால் தெளிவு வராது. கால்களில் 35 மில்லிமீட்டர் அறுத்துக் குறைத்ததும் 327. எழுத்துகள் பளிச்சென்று நின்றன.

இதற்கிடையே அச்சு. போட்டோ லேபில் மேட் தாளில் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் கொடுத்தேன். வந்த இரண்டு படத்துக்கும் அளவு வேறு. இயந்திரம் ஒவ்வொரு படத்தையும் தாளுக்குத் தகுந்தபடி தானாகவே கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டியிருக்கிறது. ஒன்றைக் கூடுதலாக, ஒன்றைக் குறைவாக. வெள்ளை கறுப்பையும் தானாகத் திருத்தியதில் சுண்ணாம்பு மண் முழுக்க ஒரே வெள்ளை. அந்தப் பகுதி நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். தோண்டிய இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைக்குள் இருக்கும் சாம்பல் வேறுபாடுதான் எனக்கு வேண்டியது. அதன்பிறகு கிம்ப் செயலியில் இரண்டு படத்தையும் ஒரே பெரிய தாளில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, குறுக்கேயும் நெடுக்கேயும் 100 மில்லிமீட்டர் கோடு வரைந்து, "எந்தத் திருத்தமும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்கேலில் வைத்து அளந்தால் 99.5. இரண்டுக்கும் ஒரே குறை என்பதால் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

அச்சிடும்முன் படங்களைச் சாய்க்கவும் வேண்டும். ஒவ்வொரு தட்டின் நடுப்புள்ளியையும் மூலைக்கு மூலை கோடு இழுத்துக் கண்டுபிடித்து, அந்த இடத்தை மற்றப் படத்திலும் தேடிக் குறித்து, இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் விமானம் போன பாதை வரும். இரு படத்துப் பாதைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்குமாறு திருப்பினேன். ஒன்று 3.2 பாகை திரும்பியது. ஓரம் கத்தரித்த அச்சுப்படத்தை ஸ்கேன் செய்திருந்தால் இந்த மூலைக்கோடு பொய் சொல்லும். என் ஜோடியில் தட்டின் நான்கு விளிம்பும் தெரிந்தது நல்வாய்ப்பு.

எல்லாம் சரி என்று வைத்துப் பார்த்த அன்றுதான் குழி குன்றாகியது.

வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் குவித்து வைத்த உப்பு அம்பாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அப்படியே ஒரு வெள்ளை அம்பாரம் தாளிலிருந்து எழுந்து மூக்கைத் தொட வந்தது. பதுங்குகுழிகள் எல்லாம் வரப்புகள். குண்டு விழுந்த பள்ளங்கள் ஆயிரக்கணக்கான கொப்புளங்கள். அவ்வளவு தெளிவு, அவ்வளவு தப்பு. கருவி முழுமையாக வேலை செய்கிறது என்பதும், படங்கள் இடம் மாறியிருக்கின்றன என்பதும் ஒரே நொடியில் தெரிந்தன.

எங்கே மாறியது என்று பின்னோக்கிப் போனேன். பிரான்ஸில் நண்பகல் வாக்கில் நிழல் வடக்கே விழும். வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் நிழல் நம்மைவிட்டு விலகிப் போகும், அப்போது மூளை பள்ளத்தை மேடாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதனால் நிழல் நம்மை நோக்கி விழுமாறு படத்தைத் தலைகீழாக வைக்கச் சொல்வார்கள். நானும் வைத்தேன். ஒவ்வொரு படத்தையும் இருந்த இடத்திலேயே சுற்றிவிட்டேன். ஜோடியாகச் சேர்த்துச் சுற்றியிருந்தால் இடது வலதாகவும் வலது இடதாகவும் தானே மாறியிருக்கும். தனித்தனியாகச் சுற்றியதில் இடக்கண்ணுக்குப் போக வேண்டியது வலக்கண்ணுக்குப் போனது. முழுத் தட்டாக இருந்தால் பொதுப் பகுதிகள் உள்நோக்கி இருக்கின்றனவா என்று பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாம். பொதுப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டதால் அந்த அடையாளமும் போயிருந்தது. இப்போது வெட்டும்முன்பே ஒவ்வொன்றின் மூலையிலும் இ, வ என்று எழுதிவிடுகிறேன்.

படங்களை இடம் மாற்றி வைத்ததும் நடந்ததை முதலிலேயே சொன்னேன். குழியின் வெள்ளை உதடு வட்டமாக எழும்பி நிற்கிறது. உள்ளே ஒரு பக்கம் நிழல், மறுபக்கம் சரிவில் மண் வழிந்த தடம். உதட்டின்மேல் ஒரு நடைபாதை ஏறி உள்ளே இறங்குகிறது. அது தட்டைப் படத்தில் வெறும் கீறல். பின்னால் பதுங்குகுழிகள் மெல்லிய பிளவுகளாக, ஆனால் உண்மையிலேயே உள்ளே போகின்றன. சில இடங்களில் சுவர் இடிந்து தூர்ந்திருப்பது தெரிகிறது. பிளவு ஆழம் குறைந்து தரையோடு சேர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் யாரோ குனிந்து ஊர்ந்துதான் கடந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் தலை நிமிராமல் பார்த்தேன்.

பார்த்ததை அளந்தும் வைத்தேன். ஸ்கேனில் குழியின் உதட்டு உச்சிக்கும் அடிமட்டத்துக்கும் இடமாற்றம் 31 புள்ளி, அதாவது 0.656 மில்லிமீட்டர். 6,000 அடியால் பெருக்கி 63.5ஆல் வகுத்தால் 62 அடி, ஏறக்குறைய 19 மீட்டர். அடிப்பகுதி நிழலில் இருப்பதால் மூன்று புள்ளி முன்பின் இருக்கலாம், அதாவது ஆறு அடி. லென்ஸ் 10 அங்குலம் என்று நான் எடுத்துக்கொண்டது சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கும் சரி. லாக்நாகர் குழியின் ஆழம் பொதுவாக 70 அடி, 21 மீட்டர் என்று சொல்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முன் வானில் சாய்ந்தாடும் விமானத்திலிருந்து எடுத்த இரண்டு கண்ணாடித் தட்டுகளை வைத்து, வீட்டு மேசையில் இவ்வளவு நெருங்க முடிந்தது எனக்குப் பெரிய நிறைவு.

செலவு மொத்தம் 4,300 ரூபாய். கண்ணாடிகள் 2,350, கெட்டுப்போனதற்கு மாற்று 700, முதல் முகக்கண்ணாடி 120, லென்ஸ் 180, பிளைவுட் துண்டு 200, அறுப்புக் கூலி 300, திருகும் ஸ்பிரிங்கும் 90, ஆறு அச்சு 360. தப்பு செய்யாமல் போயிருந்தால் 3,240க்குள் முடிந்திருக்கும்.

இன்னொன்று செய்தால் பெரிய கண்ணாடியை 75க்கு 100 மில்லிமீட்டராக வாங்குவேன். கோடு இழுத்துப் பார்த்தபோது அதற்குமேல் உள்ள பரப்பு பார்வைக்கு வருவதே இல்லை. எடையும் விலையும்தான் கூடின. காலுக்குப் பலகைக்குப் பதில் திருகு ஏற்றி இறக்கும் கம்பி வைப்பேன். என் அம்மா பார்க்க வந்தபோது அவருக்குத் தெளிவு வேறு உயரத்தில் இருந்தது. கண்ணிடைவெளியும் நகர்த்தும்படி இருக்க வேண்டும். படங்களை ஒட்ட மெல்லிய இரும்புத் தகடும் நான்கு காந்தமும் போதும். விரலால் பிடித்துக்கொண்டு பார்ப்பது கஷ்டம், மூச்சு விட்டாலே நகர்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், சேமிக்கும்போதே பெரிய ஸ்கேன் இருக்கிறதா என்று பார்ப்பேன். அது இல்லாத ஜோடிக்கு நேரம் செலவழிக்க மாட்டேன்.

லாக்நாகர் வெடித்த அதே காலையில் லா புவாசெலின் வடக்கே இன்னொரு பெரிய சுரங்கமும் வெடித்தது, 'ஒய் சாப்' என்று பெயர். லாக்நாகர் குழியை 1978இல் ஒரு தனி மனிதர் விலைக்கு வாங்கிக் காத்ததால் அது இன்றும் திறந்து கிடக்கிறது. ஒய் சாப் குழியை மண் போட்டு நிரப்பிவிட்டார்கள். அதன் ஆழத்தை இனி இப்படிப்பட்ட ஜோடியில்தான் பார்க்க முடியும். இடது தட்டு கிடைத்துவிட்டது, 1,200 டிபிஐ, எழுத்து தெளிவாக இருக்கிறது. அடுத்த எண் தட்டைப் பக்கத்துக் கட்டத்தின் கோப்பில் தேடிக்கொண்டிருக்கிறேன்.